விற்ற பின்னும் தீராக் கடமை

இல்லத்திற்கு வேண்டும் பொருள்கள் பல. கதவு வேண்டும், கதவிற்குப் பூட்டு வேண்டும், இருள் நீக்க விளக்கு வேண்டும், குளிர்நாட்டில் வாழ்வோர்க்கு அறையை வெதுவெதுப்பாக்கும் பொறியும் வேண்டும். பண்டு இப்பொருள்களைச் செய்தவன், செய்து முடித்து, விலை பெற்றுக்கொண்டு, தன் வழியே சென்றான். வாங்கியவன் அவற்றைத் தன் விருப்பம்போல் ஆண்டான். பூட்டுச் செய்த கொல்லன் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவன் செய்த பூட்டுத் திறக்கும்; திறவுகோல் கையில் இருந்தாற் போதும். கொல்லன் பட்டறையை மூடிவிட்டான் என்பதற்காகப் பூட்டுத் திறக்க மறுத்தது என்று அந்நாளில் எவரும் கூறக் கேட்டதில்லை.

இந்நாளில் அத்தகைய செய்தி கேட்கப்படுகின்றது. மேலைநாட்டு இல்லங்களில் விளக்கும் பூட்டும் கேமராவும் ஒலிபெருக்கியும் 'ஸ்மார்ட்' கருவிகளாகிவிட்டன. இவை இணையத்தோடு இணைக்கப்பட்டவை. கைப்பேசியிலிருந்து இடும் ஆணைக்கு இயங்குபவை. இவற்றின் உடல் இரும்பும் நெகிழியும் ஆயினும், உயிர் மென்பொருளே. மென்பொருள் என்பது கருவி எவ்வெப்போது என்னென்ன செய்தல் வேண்டும் என்று வகுத்து எழுதி, அதனுள் வைக்கப்பட்ட ஆணைத் தொகுதியாகும். அதனை எழுதியவர் அவ்வப்போது திருத்தி அனுப்புவதே புதுப்பித்தல் எனப்படும்.

இக்கருவிகளுட் பல இயங்கும் முறை வியப்பிற்குரியது. படுக்கையில் இருக்கும் ஒருவர் கைப்பேசியைத் தொட்டு அறையின் விளக்கை அணைக்கின்றார். கைப்பேசிக்கும் விளக்கிற்கும் இடையேயுள்ள தொலைவு பத்தடி. ஆனால் அவ்வாணை பத்தடி சென்று நிற்பதில்லை. அது வீட்டைவிட்டு வெளியேறி, நெடுந்தொலைவிலுள்ள நிறுவனத்தின் சர்வர் எனப்படும் பெருங்கணினியை அடைகின்றது. ஆணையிட்டவர் உரிமையுடையவர்தாமா என்று அங்கே ஆராயப்படுகின்றது. பின்னரே திரும்பி வந்து விளக்கை அணைக்கின்றது. அடுத்த அறையில் இருப்பவரை அழைப்பதற்கு அயலூர்க்கு ஆள் விடுத்தாற் போன்றது இது! எல்லாம் ஒரு நொடிக்குள் நிகழ்ந்துவிடுவதால் வீட்டிலுள்ளோர்க்கு இந்நெடும் பயணம் தெரிவதில்லை. சர்வர் நின்றுபோகும் நாளில்தான் தெரிகின்றது.

கருவியை விற்ற பின்னரும் அதன் மென்பொருளைத் திருத்திக்கொண்டே இருத்தல் ஏன் வேண்டும் என்று சிலர் வினவலாம். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுக்கும், மென்பொருளோ துருப்பிடிப்பதுமில்லை, உளுப்பதுமில்லை. உண்மையே. எனினும், மென்பொருளில் எழுதியவர் கண்ணுக்குப் புலனாகாத பிழைகள் எப்போதும் சில மறைந்திருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அவ்வழியே உள்ளே நுழைவதையே தொழிலாகக் கொண்டவர் உலகெங்கும் உளர். விற்ற நாளில் உறுதியாய் இருந்த சுவரில் மூன்றாண்டு கழித்து ஒரு துளை தோன்றுகின்றது. துளை புதிதன்று, அது காணப்பட்டதே புதிது. அதனை அடைக்க வல்லவர் மென்பொருளை எழுதிய நிறுவனத்தாரே ஆவர்.

அடைக்காவிடின் நேரும் தீங்கு உரிமையாளரோடு நின்றுவிடுவதன்று. இதனை 2016-ஆம் ஆண்டு உலகம் நன்கு அறிந்தது. 'மிராய்' என்னும் தீய மென்பொருள் அவ்வாண்டில் பரவியது. அது செய்தது மிக எளிய செயல். இணையத்தோடு இணைந்த கேமராக்களையும், ரௌட்டர்களையும், படப்பதிவுக் கருவிகளையும் தேடிச் சென்று, ஆலையிலேயே இட்டு விற்கப்பட்ட கடவுச்சொற்கள் ஏறத்தாழ அறுபதை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்த்தது. கதவு திறந்தது. அக்கருவிகளுட் சிலவற்றின் கடவுச்சொல்லை உரிமையாளர் மாற்ற விரும்பினும் மாற்ற இயலாதவாறு ஆலையிலேயே அமைத்திருந்தனர் என்பது நினைக்குந்தோறும் வருத்தம் தருவது. இவ்வாறு அடிமையாக்கப்பட்ட எண்ணற்ற கருவிகள் 2016 அக்டோபர் 21-ஆம் நாள் ஒருங்கே திரண்டு, டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கின. இணையத் தளங்களின் பெயரைக் கணினிக்கு விளங்கும் எண்ணாக மாற்றித் தருவது அந்நிறுவனத்தின் பணி. அது முடங்கவே, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய பெருந்தளங்களை மக்கள் பல மணிநேரம் அணுக முடியாமற் போயிற்று. அன்று கேமராவின் உரிமையாளர் ஒன்றும் அறியார். அவர் வீட்டுக் கேமரா வழக்கம்போலவே வாயிலைக் காட்டிக்கொண்டிருந்தது. தம் வீட்டுப் பொருள் பிறர் வீட்டில் கொள்ளையிடச் சென்று மீண்டதை அவர் எங்ஙனம் அறிவார்?

ஆதலின், மென்பொருளைப் புதுப்பித்தல் விற்பவர் வாங்குவோர்க்குச் செய்யும் உபசாரம் அன்று. அது ஊருக்குச் செய்யும் கடமை. உடைந்த வேலியைச் சீர் செய்யாதவன் தன் தோட்டத்தை மட்டுமா இழக்கின்றான்? அயலான் தோட்டத்திற்கும் வழி திறந்துவிடுகின்றான்.

இனி, நிறுவனமே கைவிட்டு நீங்கும்போது நிகழ்வதைக் காண்போர்க்கு இக்கடமையின் மற்றொரு முகம் புலப்படும். அமெரிக்க நாட்டில் கொலராடோ மாநிலத்துப் பௌல்டர் நகரில் ரிவால்வ் என்னும் சிறு நிறுவனம் ஒன்று இருந்தது. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த விளக்கு, பூட்டு முதலியவற்றை ஒருங்கிணைத்து இயக்கும் நடுவண் கருவி ஒன்றை அது 299 டாலர் விலைக்கு விற்றது. 2014 அக்டோபரில் நெஸ்ட் என்னும் நிறுவனம் ரிவால்வை விலைக்கு வாங்கிற்று. அன்றே கருவியின் விற்பனை நிறுத்தப்பட்டது. முன்னரே வாங்கியோர்க்கு மட்டும் சர்வர் இயங்கிக்கொண்டிருந்தது. பின்னர், 2016 மே 15-ஆம் நாளுக்குப் பின் கருவியும் இயங்காது, கைப்பேசிச் செயலியும் இயங்காது என்று அறிவிப்பு வந்தது. புதுப்பித்தல் நிற்கும் என்பதன்று அறிவிப்பு. கருவியே நிற்கும் என்பது. பழுதில்லை, உடைவில்லை, மின்சாரமும் குறைவில்லை. எனினும் குறித்த நாளில் அக்கருவி ஒரு கல்லுக்கு நிகராகும் என்றனர். அமெரிக்க நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதனை ஆராய முற்பட்டது. விற்ற கருவிகளின் தொகை குறைவு என்பதையும், விலையைத் திருப்பித் தரும் ஏற்பாடு செய்யப்பட்டதையும் கருதி, அவ்வாண்டு ஜூலையில் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டது. விலை திரும்பியது நன்றே. ஆனால், கூக்குரல் எழுந்த பின்னர்த் திரும்பிய விலை அது.

உடைமை என்னும் தமிழ்ச்சொல், உடையவன் ஆளுகைக்கு உட்பட்ட பொருளைக் குறிப்பது. வைத்திருப்பவர் ஒருவரும், நிறுத்தும் ஆற்றல் உடையவர் மற்றொருவருமாயின், அப்பொருளை உடைமை என்பதா, இரவல் என்பதா? இரவற்பொருள் தவறென்று எவரும் கூறார். இரவலை உடைமையின் விலைக்கு விற்பதே தவறு.

நீங்குவதிலும் நெறியுண்டு, நெறியின்மையும் உண்டு. லோவ்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடப்பொருள் வணிக நிறுவனம் ஐரிஸ் என்னும் பெயரால் இத்தகைய கருவிகளை விற்று வந்தது. 2019 மார்ச் 31-ஆம் நாள் அப்பணியை அது முடித்துக்கொண்டது. இரண்டு திங்களுக்கு முன்னரே அறிவித்தது. தகுதியுடைய கருவிகளுக்கு ஈடாகப் பணம் ஏற்றிய அட்டைகளை வழங்கிற்று. அவற்றை இயக்கிய மென்பொருளையும் வல்லார் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிட்டது. இது நெறி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்களோ முன்னறிவிப்பின்றி நின்றன. செயலியைத் தொட்டவர்க்கு விடையில்லை. நிறுவனத்தை அழைத்தவர்க்கும் விடையில்லை. ஆயினும் ஒரு நன்மை இருந்தது. இன்ஸ்டியான் கருவிகள் வீட்டின் மின்கம்பி வழியாகவும் வானொலி அலை வழியாகவும் தமக்குள் நேரே பேசிக்கொள்ள வல்லவை. ஆதலின் சுவரிலுள்ள சுவிட்சை அழுத்தியவர்க்கு விளக்கு எரிந்தது. அவ்வாண்டு ஜூனில் அக்கருவிகளைப் பயன்படுத்தி வந்தோர் சிலர் கூடி, அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிச் சர்வர்களை மீண்டும் இயக்கினர். வாங்கிய பொருளைக் காக்க, விற்றவரின் கடையையே வாங்க நேர்ந்தது வணிக உலகில் புதுமையே.

இவ்விடத்துச் செய்வோர் தரப்பையும் கேட்டல் முறையாகும். கருவிக்கு விலை ஒருமுறை வருகின்றது. மென்பொருளைத் திருத்துவோர்க்கு ஊதியம் திங்கள்தோறும் செல்கின்றது. பத்தாண்டிற்கு முன் செய்த கருவியின் நினைவகம் சிறிது. புதிய மென்பொருள் அதனுள் அடங்காது. உள்ளுறுப்பாகிய சில்லைச் செய்தவரே தம் துணையை நிறுத்திவிடின், மேலே கருவி செய்தவர் என் செய்வார்? இவையாவும் பொய்யல்ல. எந்நாளும் காப்போம் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அவ்வாறு கூறுவாரை நம்புதலும் தகாது.

ஆனால் இவ்வுண்மையை எப்போது சொல்லுதல் வேண்டும் என்பதே வினா. சோனோஸ் என்னும் ஒலிபெருக்கி நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றிற்கு மே முதல் புதுப்பித்தல் இராது என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. பழையதொன்று இருப்பின், அதனோடு இணைந்த புதியனவும் புதுப்பிக்கப்பெறா என்றும் சொல்லிற்று. வாங்கியோர் சினந்தனர். நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, பழையவற்றிற்குப் பிழைதிருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் இயன்ற காலம்வரை தருவதாகவும், புதியவற்றைத் தனியே பிரித்துக்கொள்ள வழி செய்வதாகவும் கூறினார். இந்நிறுவனம் அதற்குமுன் வகுத்திருந்த மற்றொரு முறை இன்னும் கருதத்தக்கது. பழையதை மாற்றிப் புதியது வாங்குவோர்க்கு 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அதனைப் பெற, பழைய கருவியை மீண்டும் இயங்காதவாறு மென்பொருளாலேயே செயலறச் செய்துவிட வேண்டும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை ஊமையாக்கினால் பரிசு! ஏழை மாணவன் ஒருவன் கேட்டு மகிழ்ந்திருக்கக்கூடிய பொருள், குப்பைக்கே உரியதாயிற்று. எதிர்ப்பு மிகவே, 2020 மார்ச்சில் அந்நிபந்தனை நீக்கப்பட்டது.

விங்க் என்னும் நிறுவனம் வேறு வழி கண்டது. 2020 மே மாதத்தில், இனித் திங்கள்தோறும் 4.99 டாலர் செலுத்துக, இல்லையேல் பயன்பாடு நிற்கும் என்று ஒரு வாரத் தவணை கொடுத்தது. தவணை பின்னர் நீட்டிக்கப்பட்டது. கட்டணம் கேட்பது குற்றமன்று. கருவியைச் சுவரில் பொருத்திக் கதவோடும் விளக்கோடும் பிணைத்த பின்னர்க் கேட்பதே குற்றம். அந்நிலையில் வாங்கியவர்க்குப் பேரம் பேச இடமில்லை.

விற்கும்போதே சொல்லும் வழக்கம் எவ்வளவில் உள்ளது? அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2024-இல் 184 ஸ்மார்ட் பொருள்களுக்குரிய இணையப் பக்கங்களை ஆராய்ந்தனர். மென்பொருள் எத்தனை காலம் புதுப்பிக்கப்படும் என்ற செய்தி அவற்றுள் 163 பொருள்களுக்கு அப்பக்கங்களில் இல்லை. நிறம் கூறினர், எடை கூறினர், நீளம் அகலம் கூறினர். வாழ்நாளை மட்டும் கூறவில்லை. மருந்துப் புட்டியிலும், மாவுப் பொட்டலத்திலும் காலவரை அச்சிடப்படுகின்றது. சில பணத்திற்கு வாங்கும் மாவிற்கு உள்ள இம்மதிப்பு, சில நூறு டாலருக்கு வாங்கும் பூட்டிற்கு இல்லை.

இக்குறையை நீக்கப் பிரித்தானியர் முன்வந்தனர். அவர்தம் நாட்டில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லோர்க்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லோடு கருவியை விற்பதைத் தடுக்கின்றது. பிழை கண்டவர் எவரிடம் முறையிடுவது என்பதை வெளியிடச் செய்கின்றது. பாதுகாப்புத் திருத்தம் குறைந்த அளவு எந்நாள்வரை கிடைக்கும் என்பதையும் சொல்லச் செய்கின்றது. எத்தனை ஆண்டு தருதல் வேண்டும் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. ஓராண்டே தருவோம் என்று ஒருவர் சொல்லி விற்பாராயின் அவர் சட்டத்தை மீறியவர் ஆகார். எனினும், சொல்லச் செய்ததே பெரிது; ஓராண்டுப் பூட்டையும் பத்தாண்டுப் பூட்டையும் அருகருகே வைத்துக் காணும் வாய்ப்பு வாங்குவோர்க்குக் கிட்டிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் மேலும் ஓரடி சென்றது. 2024 டிசம்பர் 10-ஆம் நாள் நடப்பிற்கு வந்த அதன் இணையப் பாதுகாப்புச் சட்டம், கருவியின் பயன்காலம் இயல்பாகவே குறுகியதாக இருந்தாலன்றி, ஐந்தாண்டிற்குக் குறையாமல் காத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. இதன் முதன்மையான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் செயற்படும்.

ஐந்தாண்டு போதுமா? கைப்பேசிக்குப் போதும் என்று சொல்வார் சொல்லலாம். சுவருக்குப் போதாது. கைப்பேசி சட்டைப்பையில் இருப்பது. பூட்டும் வெப்பச் சீராக்கியும் வீட்டோடு ஒன்றியவை. வீட்டை விற்றால் அவையும் சேர்ந்து விற்கப்படுகின்றன. அவற்றிற்கு வீட்டுப் பொருளுக்குரிய ஆயுள் வேண்டுமேயன்றிச் சட்டைப்பைப் பொருளுக்குரிய ஆயுள் தகாது.

காலத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதும் சிறு செய்தியன்று. நெஸ்ட் நிறுவனத்தின் முதல் தெர்மோஸ்டாட் 2011-இலும் இரண்டாவது 2012-இலும் வெளிவந்தன. அறையின் வெப்பத்தைத் தானே கற்றுச் சீராக்கும் கருவிகள் இவை. பின்னர் நெஸ்ட் கூகுளின் வயப்பட்டது. 2025 அக்டோபர் 25-ஆம் நாளோடு இவ்விரு வகைக்கும் துணை நிற்கும் எனக் கூகுள் அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. வெளிவந்த நாள்தொட்டு எண்ணினால் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள், குறையொன்றும் கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு வகைக் கருவி வெளிவந்த நாளிலேயே விற்றுத் தீர்வதில்லை. இரண்டாம் வகையைக் கடைசியாக வாங்கியவர்க்குக் கிடைத்த ஆண்டுகள் முதல்வர்க்குக் கிடைத்தவற்றினும் குறைவே. ஆகவே, கடையில் கடைசிக் கருவி விற்ற நாள்தொட்டு எண்ணுவதே நேர்மையான கணக்காகும். பெட்டியின்மேல் 'ஐந்தாண்டு' என்று அச்சிடுவதினும், இன்ன ஆண்டு இன்ன திங்கள்வரை என்று அச்சிடுவதே வாங்குவோர்க்கு விளங்கும்.

அக்கருவியைப் பற்றி ஒன்று புகழ்ந்தே சொல்லல் வேண்டும். துணை நின்ற பின்னர் அது கைப்பேசிக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனால் அதன் வளையத்தைக் கையாற் சுழற்றினால் அறையின் வெப்பம் கூடும், குறையும். ரிவால்விற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இது. ஒன்று செத்தது, மற்றொன்று செவிடாயிற்று. காது கேளாத பணியாள் கண் பார்த்து வேலை செய்வான்.

இதனாற் பெறப்படும் நெறி அரியதன்று. காவல் முடியும் நாளை விற்கும் நாளிலேயே சொல்லிவிடுதல் வேண்டும். முடியும் நாள் வரும்போது, கருவி சர்வரை நோக்கிக் காத்திராமல் வீட்டின் நான்கு சுவருக்குள்ளேயே இயங்குமாறு இறுதித் திருத்தம் ஒன்றை அனுப்பிவிட்டு நீங்குதல் வேண்டும். இது இயலாத செயலன்று. 2013-இல் தொடங்கப்பெற்ற ஹோம் அசிஸ்டன்ட் என்னும் பொது மென்பொருள், வீட்டிலுள்ள சிறு கணினி ஒன்றிலிருந்தே விளக்கையும் பூட்டையும் இயக்குகின்றது. கருவி செய்தவர் வழி மறிக்காதிருப்பின் போதும். நிறுவனத்தார் கட்டணமின்றிச் செய்யவில்லை என்று குறை கூறுவார் எவருமில்லை. திறவுகோலையும் உடன்கொண்டு போய்விடுகின்றனர் என்பதே குறை.

வாங்குவோர்க்கும் இதில் பங்குண்டு. கடையில் நிறத்தையும் விலையையும் வினவும் அளவிற்கு இந்நாளை வினவுவார் இலர். இணையத் தொடர்பு அறுந்தால் இப்பூட்டுத் திறக்குமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டால், விற்பவர் முகமே பாதி விடையைச் சொல்லிவிடும். பெட்டியைத் திறந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றுதலும், வரும் திருத்தங்களை நாளை நாளை என்று தள்ளாது ஏற்றுக்கொள்ளுதலும் வாங்கியவர் கையில் உள்ளவை.

ஐரோப்பியச் சட்டம் விதிக்கும் ஐந்தாண்டுக் காவல், 2027 டிசம்பர் 11-க்குப் பின்னர்ச் சந்தைக்கு வரும் கருவிகளுக்கே உரியது. அந்நாளுக்கு முன்னரே விற்கப்பட்டுப் பின்னர்ப் பெரிதும் மாற்றப்படாத கருவிகளை அவ்விதி காவாது. இன்று வீட்டுச் சுவர்களில் இருக்கும் கேமராக்களும் வாயிற்கதவுகளில் இருக்கும் பூட்டுகளும் அவ்வகையினவே. அவற்றின் நாள் அவற்றைச் செய்தவர் மனத்தில் மட்டுமே எழுதப்பட்டுள்ளது.